புரொப்பல்லர் போர் விமானங்களின் கடைசி வான்சண்டை எது?

கேள்வி: அன்னூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். அன்னூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் மேல்நிலை வகுப்புகளுக்கு வரலாறு கற்பித்து வருகிறேன். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்குப் போர் விமானம் புதிய பொருள் அல்ல. சூலூரிலிருந்து கிளம்பும் தேஜஸ் விமானங்களின் சத்தம் கேட்டால், அது ஓயும்வரை பாடத்தை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கும். 2024 ஆகஸ்டில் சூலூரில் தரங் சக்தி பன்னாட்டுப் பயிற்சி நடந்தபோது ரஃபேல், டைஃபூன் என்று வெளிநாட்டு விமானங்களின் பெயர்களையெல்லாம் அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள்.

அந்த ஆர்வத்தை ஒட்டி இரண்டாம் உலகப் போர்ப் பாடத்தை நடத்தியபோது, 1945-க்குப் பின் ஜெட் விமானங்களின் காலம் தொடங்கியது என்று பாடநூல் நடையிலேயே சொல்லி முடித்தேன். உடனே ஒரு மாணவர் எழுந்து, "அப்படியானால் முன்னால் புரொப்பல்லர் சுற்றும் போர் விமானங்கள் அந்த ஆண்டோடு சண்டையிடுவதை நிறுத்திவிட்டனவா, அல்லது அதன் பிறகும் எங்காவது சண்டையிட்டனவா?" என்று கேட்டார். விரிவாகப் படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன். படிக்கப் படிக்க, ஓரிடத்தில் கொரியா என்றும், வேறோரிடத்தில் வியட்நாம் என்றும், மற்றோரிடத்தில் மத்திய அமெரிக்கா என்றும் விடை மாறிக்கொண்டே இருக்கிறது. இவற்றில் எதைச் சரியென்று கொள்வது? அத்தனை ஆண்டுகள் கழித்தும் ஒரு நாடு பழைய விமானத்தை நம்பிப் போருக்குப் போனதற்குக் காரணம் என்ன? இந்திய வான்படை இத்தகைய விமானங்களைப் போரில் பயன்படுத்தியதுண்டா? விவரம் அறிந்தவர்கள் சற்று விரிவாக எழுதினால் பிள்ளைகளுக்குப் பேருதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பல்லடம் வாசகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். விடைகள் மாறுவதற்குக் காரணம், ஒவ்வொருவரும் வேறு வேறு கேள்விக்கு விடை சொல்வதுதான். பிஸ்டன் எந்திரத்தால் புரொப்பல்லரைச் சுழற்றும் போர் விமானம் ஜெட் விமானத்தைக் கடைசியாக எப்போது வீழ்த்தியது என்பது ஒரு கேள்வி. பிஸ்டன் விமானங்கள் கடைசியாகத் தரைப்படைக்குத் துணையாகக் குண்டு வீசியது எப்போது என்பது வேறொன்று. இரு தரப்பிலும் அத்தகைய போர் விமானங்களே நேருக்கு நேர் மோதிய கடைசிச் சண்டை எது என்பது மூன்றாவது. உங்கள் மாணவர் மனத்தில் இருப்பது மூன்றாவது என்றே கருதுகிறேன். அதற்குரிய விடையில் ஐயமில்லை: 1969 ஜூலை 17, மத்திய அமெரிக்காவின் ஹோண்டுராஸ், எல் சால்வடோர் ஆகிய இரு நாடுகளுக்கிடையே நடந்த போர்.

அன்று காலை ஹோண்டுராஸ் வான்படையின் கோர்சேர் என்னும் பிஸ்டன் போர் விமானங்கள் தரை இலக்குகளைத் தாக்கச் சென்றிருந்தன. அவற்றில் ஒன்றை எல் சால்வடோரின் மஸ்டாங் என்னும் பிஸ்டன் போர் விமானங்கள் இரண்டு சூழ்ந்துகொண்டன. அந்தச் செய்தி கிடைத்ததும் கேப்டன் பெர்னாண்டோ சோட்டோவும் அவருடைய துணை விமானியான கேப்டன் எட்கார்டோ அகோஸ்டாவும் திரும்பி வந்தார்கள். மஸ்டாங் ஒன்றின் பின்னால் வளைந்து வளைந்து துரத்திய சோட்டோ, தம்முடைய 20 மி.மீ. பீரங்கிகளால் மூன்று முறை சுட்டதில் அதன் இடது இறக்கை முறிந்து விழுந்தது. அதை ஓட்டிய கேப்டன் டக்ளஸ் வரேலா வெளியே குதித்தும், பாராசூட் முழுமையாக விரியாததால் உயிரிழந்தார்.

அதே நாள் பிற்பகல் சோட்டோவும் அகோஸ்டாவும் மீண்டும் புறப்பட்டபோது எல் சால்வடோரின் இரண்டு கோர்சேர்களைக் கண்டார்கள். இறக்கைக்கடியில் தொங்கிய சுமைகளைக் கழற்றிவிட்டு உயரம் பிடித்து, மேலிருந்து பாய்ந்த சோட்டோ ஒன்றைத் தீப்பற்ற வைத்தார். அடுத்த கணமே மற்றொன்று அவருடைய வாலுக்குப் பின்னால் வந்துவிட்டது. இரண்டும் ஒரே குடும்பத்து விமானங்கள். வேகத்திலும் ஏறும் திறனிலும் ஒன்று மற்றொன்றை எளிதில் உதறிவிட முடியாத நிலையில், சோட்டோ தம் விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, அரைவட்டமாகக் கீழ்நோக்கி இழுத்து, எதிரி தம் முன்னால் வரும் நிலையை உண்டாக்கிச் சுட்டார். அந்த விமானத்தில் இருந்த கேப்டன் கில்லெர்மோ ரெய்னால்டோ கோர்ட்டெஸ் கொல்லப்பட்டார். புரொப்பல்லர் போர் விமானங்கள் ஒன்றையொன்று வீழ்த்திய கடைசி நிகழ்வு இதுவே.

இந்தச் சண்டையில் என்னை மிகவும் பாதிப்பது, எதிரெதிரே நின்றவை கோர்சேரும் கோர்சேருமாக இருந்ததுதான். ஜப்பானுக்கு எதிராகப் பசிபிக் பெருங்கடலில் போரிடுவதற்காக வடிவமைக்கப்பட்ட ஒரு விமானம், அந்தப் போர் முடிந்து 24 ஆண்டுகளுக்குப் பிறகு, அண்டை நாடுகளான இரு ஏழை நாடுகளின் கைகளில் தன் இனத்தையே சுட்டு வீழ்த்தியது. அதற்கு முந்தைய நாள், ஜூலை 16 அன்றுதான், அப்பல்லோ 11 சந்திரனை நோக்கிப் புறப்பட்டிருந்தது. காலவரிசை கற்பிக்கும்போது இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். ஒரு தொழில்நுட்பத்தின் காலம் உலகெங்கும் ஒரே நாளில் முடிந்துவிடுவதில்லை என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொள்வார்கள்.

சோட்டோ ஓட்டிய 609 எண்ணுள்ள கோர்சேர் இன்றும் ஹோண்டுராஸ் தலைநகர் தெகுசிகல்பாவில் உள்ள வான்படை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது.

மறுமொழி 2: சூலூர் ஓய்வுபெற்ற ஃபிட்டர்

வணக்கம் அம்மா. பல்லடத்து நண்பர் சண்டையை நன்றாக விளக்கியிருக்கிறார். நான் வான்படையில் டகோட்டா சரக்கு விமானங்களின் எந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவன் என்ற முறையில், அந்த விமானங்கள் ஏன் அத்தனை காலம் தாக்குப்பிடித்தன என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

கோர்சேரில் இருந்தது பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் ஆர்-2800 எந்திரம். வரிசைக்கு 9 ஆக இரண்டு வரிசைகளில் வட்டமாக அமைந்த 18 சிலிண்டர்கள், ஏறத்தாழ 46 லிட்டர் கொள்ளளவு, தொடக்க வகைகளிலேயே 2,000 குதிரைத்திறன். நான் வேலை செய்த டகோட்டா எந்திரம் இதே நிறுவனத்தின் 14 சிலிண்டர் எந்திரம். ஆகவே இதன் உடலமைப்பு எனக்குப் பழக்கமானது. இவ்வளவு திறனை இழுக்கத்தக்க புரொப்பல்லர் கோர்சேருக்கு ஏறத்தாழ 4 மீட்டர் விட்டம் கொண்டதாக வேண்டியிருந்தது. அது தரையில் இடிக்காமலிருக்க விமானத்தின் கால்களை நீளமாக்கினால், கப்பலின் மேல்தளத்தில் தடாலென்று இறங்கும்போது அவை முறியும். அதனால்தான் இறக்கையை முதலில் கீழ்நோக்கி வளைத்துப் பிறகு மேல்நோக்கித் தூக்கி, வளைவின் அடிப்பகுதியில் குட்டையான கால்களைப் பொருத்தினார்கள். படத்தில் பார்த்தவுடன் கோர்சேரை அடையாளம் காட்டும் அந்த வளைவு இந்த நெருக்கடியிலிருந்து பிறந்தது.

மஸ்டாங்கில் இருந்தது 12 சிலிண்டர்கள் கொண்ட, திரவத்தால் குளிரூட்டப்படும் மெர்லின் எந்திரம். வேகத்திலும் தொலைதூரப் பயணத்திலும் அதற்கு நிகர் குறைவு. ஆனால் அதன் ரேடியேட்டர் விமானத்தின் வயிற்றுப்பகுதியில் இருக்க, எந்திரத்துக்கும் அதற்குமிடையே குழாய்கள் ஓடுகின்றன. நம் ஊர்க் கிணற்று மேட்டில் ஓடும் ஆயில் இன்ஜினுக்குத் தண்ணீர் வரத்து நின்றால் சிறிது நேரத்தில் பிஸ்டன் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கதிதான் அங்கும் நேரும். குழாயில் ஒரு துப்பாக்கிக் குண்டு பட்டால் போதும், சில நிமிடங்களில் எந்திரம் நின்றுவிடும். காற்றால் குளிரும் எந்திரத்தில் அறுபடுவதற்கு அப்படியொரு குழாய் இல்லை. ஓரிரு சிலிண்டர்கள் சிதைந்த நிலையிலும் அவை விமானியை வீடு கொண்டுவந்து சேர்த்த நிகழ்ச்சிகள் பல உண்டு. தரைக்கு அருகில் பறந்து தாக்கும் வேலையில், கீழிருந்து ஒவ்வொரு துப்பாக்கியும் சுடக்கூடிய இடத்தில், இந்த வேறுபாடு உயிர் காக்கும் வேறுபாடு.

பராமரிப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். தொடக்ககால ஜெட் எந்திரத்துக்கு நீண்ட ஓடுதளமும், பெருமளவு எரிபொருளும், அதிக வெப்பம் தாங்கும் தனி உலோகங்களால் ஆன உதிரிப் பாகங்களும் தேவை. தாழ்வாகப் பறந்தால் அதன் எரிபொருள் செலவு இன்னும் கூடும். பிஸ்டன் விமானம் குறுகிய ஓடுதளத்திலிருந்து எழும்பும். இலக்கின் மேல் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். நல்ல லேத்தும் கைதேர்ந்த பட்டறைக்காரர்களும் இருந்தால் பல பாகங்களை உள்ளூரிலேயே சீர்செய்துகொள்ளலாம். பட்டறைகளுக்குப் பேர்போன கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை. பணம் குறைந்த ஒரு நாடு பழைய விமானத்தை வைத்துக்கொண்டதைப் பின்தங்கியதன் அடையாளமாக யாரும் எழுதும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. தங்களிடம் இருந்த பட்டறைக்கும் ஓடுதளத்துக்கும் ஏற்ற விமானத்தை அவர்கள் வைத்திருந்தார்கள்.

மறுமொழி 3: கோபி மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் வானூர்திப் பொறியியல் படிக்கிறேன். 1969-ஐ இறுதியாகக் கொள்வதில் எனக்கு ஓர் ஐயம் உள்ளது. வியட்நாமில் அமெரிக்கக் கடற்படையின் ஸ்கைரெய்டர் விமானங்கள் 1965 ஜூன் 20 அன்றும் 1966 அக்டோபர் 9 அன்றும் மிக்-17 ஜெட் விமானங்களை வீழ்த்தியிருக்கின்றன. ஸ்கைரெய்டரும் பிஸ்டன் எந்திரமும் புரொப்பல்லரும் உடையதுதான். 1969-க்குப் பிறகும் அது வியட்நாமில் போரிட்டது. 1971 போரில் நம் விக்ராந்த் கப்பலிலிருந்து பறந்த அலிஸே விமானங்களுக்கும் புரொப்பல்லர் உண்டு. 1982-ல் ஃபாக்லாந்து தீவுகளில் அர்ஜென்டினாவின் புகாரா விமானம் ஒன்று பிரிட்டனின் ஸ்கவுட் ஹெலிகாப்டரைச் சுட்டு வீழ்த்தியது. இவற்றையெல்லாம் எந்த அடிப்படையில் விலக்குகிறோம்?

மறுமொழி 4: பல்லடம் வாசகர்

கோபி மாணவி கேட்டிருப்பது நேர்மையான, தேவையான கேள்வி. விலக்குவதற்கு அடிப்படை, அந்த விமானங்கள் எந்த வேலைக்காக உருவாக்கப்பட்டன என்பதே. ஸ்கைரெய்டர் தரையையும் கப்பலையும் தாக்குவதற்காக வடிவமைக்கப்பட்ட குண்டுவீச்சு விமானம். அது மிக்-17-ஐ வீழ்த்தியது அதை ஓட்டிய விமானிகளின் திறமைக்குச் சான்று. ஆயினும் வான்சண்டை அதன் தொழில் அன்று. அலிஸே நீர்மூழ்கிகளைத் தேடவும் கடற்பரப்பைக் கண்காணிக்கவும் ஏற்பட்டது. 1971 டிசம்பர் 10 அன்று பாகிஸ்தானின் எஃப்-104 ஜெட் ஒன்றிடம் நாம் ஓர் அலிஸேயை இழந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். ஒலியைவிட இரு மடங்கு வேகத்தில் பறக்கக்கூடிய விமானத்துக்கு எதிரில் அதற்குத் தப்பிக்கும் வழி அநேகமாக இல்லை. மேலும் அலிஸே, புகாரா இரண்டிலும் புரொப்பல்லரைச் சுழற்றியது பிஸ்டன் அல்ல, டர்பைன். எனவே "கடைசிப் புரொப்பல்லர் போர்" என்று பொதுவாகக் கேட்டால் இவை உள்ளே வரும். "வான்சண்டைக்கென்றே உருவான பிஸ்டன் விமானங்கள்" என்று வரையறுத்தால் 1969 நிலைக்கும்.

ஜெட்டை வீழ்த்திய பிஸ்டன் போர் விமானங்களைத் தேடினால் கொரியப் போருக்குப் போக வேண்டும். 1952 ஆகஸ்ட் 9 அன்று ஓஷன் என்னும் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து சென்ற சீ ஃபியூரி விமானங்கள் ஒரு மிக்-15-ஐ வீழ்த்தின. அந்த வெற்றி லெப்டினன்ட் பீட்டர் கார்மைக்கேல் பெயரில் பதிவாகியுள்ளது. அடுத்த மாதம் 10-ஆம் தேதி அமெரிக்க மரைன் படையின் கேப்டன் ஜெஸ்ஸி ஃபோல்மர் கோர்சேரில் பறந்து மற்றொரு மிக்-15-ஐ வீழ்த்தினார். ஆனால் சற்று நேரத்தில் இன்னொரு மிக் அவரை வீழ்த்தியது. கடலில் குதித்து மீட்கப்பட்டார். இந்தப் பின்பாதியைச் சொல்லாமல் முன்பாதியை மட்டும் வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்குத் தவறான சித்திரம் கிடைக்கும். மிக்-15 விமானி வேகத்தைக் குறைத்துத் தாழ்வான உயரத்தில் வளைந்து திரும்பும் சண்டைக்கு இறங்கினால்தான் பிஸ்டன் விமானத்துக்கு வாய்ப்பு. அவர் உயரத்தில் இருந்தபடியே பாய்ந்து சுட்டுவிட்டு மேலேறிப் போனால், பிஸ்டன் விமானத்தால் துரத்த முடியாது. சண்டையைத் தொடங்குவதும் முடிப்பதும் ஜெட்டின் கையில் இருந்தது.

கொரியாவில் கோர்சேர் தனித்துத் துலங்கிய வேலை ஒன்றும் உண்டு. இரவில் மிக மெதுவாகவும் தாழ்வாகவும் வந்து தொல்லை கொடுத்த சிறு விமானங்களை வேகமான ஜெட்களால் பிடிக்க இயலவில்லை. அந்த வேலைக்குக் கோர்சேரின் இரவுச்சண்டை வகையை அனுப்பினார்கள். லெப்டினன்ட் கை போர்டெலான் 1953 ஜூன், ஜூலை மாதங்களில் அவ்வாறு ஐந்து விமானங்களை வீழ்த்தினார். சோட்டோ ஓட்டியதும் இரவுச்சண்டைக்கென உருவான இதே வகை விமானம்தான்.

இந்திய வான்படை பற்றிய கேள்விக்கு: ஆம், பயன்படுத்தியது. 1947–48 காஷ்மீர்ப் போரில் ஸ்பிட்ஃபயரும் டெம்பெஸ்ட்டும் நம் தரைப்படைக்குத் துணையாகப் பறந்தன. 1947 நவம்பர் 7 அன்று ஸ்ரீநகரை அடுத்த ஷாலதெங்கில் ஊடுருவிகள் முறியடிக்கப்பட்டபோது வான்படையின் தாக்குதல் பெரும்பங்கு வகித்தது. அந்தப் போரில் இரு தரப்புப் போர் விமானங்களும் நேருக்கு நேர் மோதவில்லை. 1948 நவம்பர் 4 அன்று பாகிஸ்தானின் சரக்கு விமானமான டகோட்டா ஒன்றை நம் டெம்பெஸ்ட் விமானங்கள் இடைமறித்துச் சுட்டன. அது பள்ளத்தாக்கினூடே தாழ்வாகப் பறந்து தப்பிவிட்டது. அதே மாதம் முதல் வேம்பயர் ஜெட்கள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன. 1965-இல் இரு நாடுகளும் மீண்டும் மோதியபோது வான்சண்டை முழுவதும் ஜெட்களுக்கிடையே நடந்தது.

மறுமொழி 5: பீளமேட்டுக்காரர்

இந்த இழையில் கோயம்புத்தூருக்கும் ஓர் இடம் உண்டு என்பதால் எழுதுகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கடற்படை 1942-இல் இங்கே கருடா என்ற பெயரில் ஒரு விமானப் பழுதுபார்ப்புத் தளத்தை நிறுவியது. கடலிலிருந்து இத்தனை தொலைவிலுள்ள ஊரில் கடற்படைத் தளம் எதற்கு என்று பலர் வியப்பதுண்டு. இலங்கையின் திருகோணமலையைத் தளமாகக் கொண்டிருந்த கிழக்குக் கடற்படையின் விமானங்களைப் பிரித்துச் சீர்செய்வதற்குத் தாக்குதல் எல்லைக்கு வெளியே, பட்டறைத் தொழில் தெரிந்த ஊர் ஒன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது. சூலூரிலும் அந்தக் கடற்படை ஒரு விமானத்தளம் வைத்திருந்தது. இன்று தேஜஸ் பறப்பது அந்த வரலாறு கொண்ட இடத்திலிருந்துதான். பிற்காலத்தில் கொச்சியில் இந்தியக் கடற்படை தன் விமானத்தளத்துக்கு கருடா என்ற பெயரையே சூட்டியது.

அந்தக் கிழக்குக் கடற்படையின் முக்கியச் சண்டை விமானங்களில் ஒன்று, மேலே பேசப்படும் கோர்சேர். 1944 ஏப்ரல் 19 அன்று சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கியபோது இல்லஸ்ட்ரியஸ் கப்பலிலிருந்து கோர்சேர்கள் பறந்தன. நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைத்ததாலும் இறங்கும்போது துள்ளியதாலும் அமெரிக்கக் கடற்படை இந்த விமானத்தைக் கப்பல்களில் வைக்கத் தயங்கிய காலத்தில், பிரிட்டிஷ் விமானிகள் வளைந்து வந்து இறங்கும் முறையைக் கையாண்டு அதைக் கப்பலுக்குப் பழக்கினார்கள். தங்கள் கப்பல்களின் தாழ்ந்த கூரைக்கு ஏற்ப இறக்கை நுனிகளையும் சற்று வெட்டிக்கொண்டார்கள். இலங்கையின் புத்தளம் தளத்தில் யானை ஒன்று கோர்சேரை இழுத்துச் செல்லும் புகைப்படம் இணையத்தில் கிடைக்கும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், மிகவும் விரும்புவார்கள்.

அன்னூர் ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. சூலூர் ஐயா அவர்கள் எழுதிய எந்திர விளக்கத்தை இயற்பியல் ஆசிரியரிடமும் கொடுத்திருக்கிறேன். கருடா தளத்தைப் பற்றி எங்கள் பள்ளியில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. மாணவர்களைக் கொண்டு உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பு ஒன்றை அதை வைத்தே தொடங்கலாம் என்று எண்ணுகிறேன்.

இன்னும் ஒரு கேள்வி மட்டும். 1969 போரைக் கால்பந்துப் போர் என்று குறிப்பிடுகிறார்கள். ஒரு விளையாட்டுப் போட்டிக்காகவா இரண்டு நாடுகள் போரிட்டன? இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். கொல்லப்பட்டவர்களை எண்ணும்போது அந்தச் சிரிப்புக்கு நான் காரணமாக இருக்க விரும்பவில்லை.

மறுமொழி 6: சூலூர் ஓய்வுபெற்ற ஃபிட்டர்

அம்மா, போரின் காரணத்தைப் பல்லடத்து நண்பர் எழுதுவார் என நம்புகிறேன். அதற்குமுன் எந்திரம் தொடர்பாக ஒரு சிறு சேர்க்கை. 2024-இல் உக்ரைனில் யாக்-52 என்னும் பிஸ்டன் பயிற்சி விமானத்தின் பின் இருக்கையில் துப்பாக்கி ஏந்திய ஒருவரை அமர்த்தி, ரஷ்யாவின் ஆளில்லா வேவு விமானங்களைச் சுட்டு வீழ்த்தியிருக்கிறார்கள். அது போர் விமானம் அன்று என்பதால் 1969 என்ற விடை மாறாது. ஆனால் மெதுவாகப் பறக்கும் சிறு இலக்கை ஜெட்டால் எளிதில் பிடிக்க முடியாது என்ற கொரியப் போரின் சிக்கல் 70 ஆண்டுகளுக்குப் பின் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அந்த யாக்-52-இல் இருப்பதும் வட்டமாக அமைந்த, காற்றால் குளிரும் 9 சிலிண்டர் எந்திரம்தான். கோபி மாணவி போன்றவர்கள் இதைப் பழங்கதையாக ஒதுக்காமல் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

மறுமொழி 7: பல்லடம் வாசகர்

ஆசிரியை அவர்களின் தயக்கம் முற்றிலும் நியாயமானது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் 1969 ஜூன் மாதம் இரு நாடுகளும் மூன்று முறை மோதின என்பதும், அந்தப் போட்டிகளையொட்டிக் கலவரங்கள் நடந்தன என்பதும், மெக்சிகோ நகரில் ஜூன் 27 அன்று நடந்த மூன்றாவது போட்டியில் எல் சால்வடோர் 3–2 என்ற கணக்கில் வென்றது என்பதும் உண்மை. ஆனால் பகை மூண்டது நிலத்தால். எல் சால்வடோர் பரப்பில் ஹோண்டுராஸில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மக்கள்தொகையோ ஹோண்டுராஸைவிட அதிகம். விளைநிலத்தின் பெரும்பகுதி சில குடும்பங்களின் கையில் இருந்தது. காணி நிலமும் கிடைக்காத ஏழை உழவர்கள் பல ஆண்டுகளாக எல்லை தாண்டிச் சென்று ஹோண்டுராஸில் பயிர் செய்து வந்தார்கள். 1969 வாக்கில் அவர்கள் ஏறத்தாழ 3,00,000 பேர். ஹோண்டுராஸ் தன் நிலச்சீர்திருத்தச் சட்டத்தை நடைமுறைப்படுத்தத் தொடங்கியபோது, நிலத்தைத் தன் குடிமக்களுக்கு மட்டும் என்று ஒதுக்கி, உழுதுகொண்டிருந்த சால்வடோரியர்களை வெளியேற்றியது. பெரும் பண்ணைகளில் கைவைப்பதைவிட அது அரசுக்கு எளிதாக இருந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் திரும்பி வந்து சொன்ன கொடுமைகள் எல் சால்வடோரில் கொதிப்பை உண்டாக்கின. கால்பந்து அந்தக் கொதிப்பு வெளிப்பட்ட இடம் மட்டுமே. கீழ்பவானி, பரம்பிக்குளம் பாசனப் பகுதிகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, உழுத நிலத்தைவிட்டு ஒரு குடும்பத்தை எழுப்புவது என்றால் என்னவென்று அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

ஜூலை 14 அன்று எல் சால்வடோர் தாக்குதலைத் தொடங்கியது. தெகுசிகல்பாவின் டொன்கொன்டின் விமான நிலையத்தைக் குறிவைத்த அந்தத் தாக்குதலில், போர் விமானங்கள் போதாததால் சரக்கு விமானத்தின் கதவு வழியாகக் குண்டுகளைக் கையால் தள்ளிவிட்டார்கள். மறுநாள் ஹோண்டுராஸின் கோர்சேர்கள் எல் சால்வடோரின் எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கிப் பற்றவைத்தன. முன்னேறி வந்த எல் சால்வடோர் தரைப்படை எரிபொருளின்றித் திணறியதற்கு அது முக்கியக் காரணம். தரையில் எல் சால்வடோரின் கை ஓங்கியிருந்தபோதும் வானம் ஹோண்டுராஸ் வசமானது. 17-ஆம் தேதி நடந்த வான்சண்டை அதை உறுதிப்படுத்தியது. அமெரிக்க நாடுகள் அமைப்பு தலையிட்டுச் சில நாட்களில் சண்டையை நிறுத்தியது. இறந்தோர் சில ஆயிரம் பேர். அவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் குடிமக்கள். வீடிழந்து எல்லை கடந்தவர்கள் அவர்களைவிடப் பன்மடங்கு.

ஆகவே வகுப்பில் இதை "1969 ஹோண்டுராஸ், எல் சால்வடோர் போர்" என்றே குறிப்பிடுங்கள். கால்பந்துப் போட்டிகளைக் காரணங்களுக்குப் பின்னால், நிகழ்ச்சிகளின் வரிசையில் வையுங்கள். அமைதி ஒப்பந்தம் 1980 அக்டோபர் 30 அன்றுதான் பெருவின் லிமா நகரில் கையெழுத்தானது. அதன் பிறகும் தீராமல் நின்ற எல்லைத் தகராறு பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போய், 1992 செப்டம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது.